வளாகத்துப் பறவைகளை இடம்வாரியாக எண்ணுவது எப்படி? டெல்டா மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

“எங்க கேம்பஸ்ல எத்தனை வகைப் பறவை இருக்கு?” என்று கேட்டால் பறவை பார்க்கும் மாணவர் யாரும் ஒரு எண்ணைச் சொல்லிவிடுவார். அந்த எண்ணை வைத்துக்கொண்டு பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. எந்தப் பறவை வளாகத்தின் எந்தப் பகுதியில், எந்த மாதத்தில், எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல முடிந்தால் நிலைமை வேறு. குளத்தைத் தூர்வாரும்போதும், புதரை வெட்டும்போதும், புதுக் கட்டடத்துக்கு இடம் பார்க்கும்போதும் நாம் பேசுவதற்கு ஆதாரம் கிடைக்கிறது. இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது வேலையைப் பற்றியது. விலங்கியல் படித்திருக்க வேண்டியதில்லை. தமிழ் இலக்கியமோ கணினியோ படிக்கிறவர்களும் செய்யலாம்.

வளாகத்தைத் துண்டு போடுங்கள்

பைனாகுலரை எடுப்பதற்கு முன் கைப்பேசி வரைபடத்தில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, வளாகத்தின் எல்லையை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். பிறகு அந்தத் தாளோடு ஒரு முறை முழுவதும் நடந்து வாருங்கள். டெல்டா வளாகம் என்றால் பெரும்பாலும் இந்தப் பகுதிகள் தேறும்: கட்டடங்களும் விடுதிகளும், சாலையோர மரங்களும் தோட்டமும், விளையாட்டுத் திடல், குளமும் வாய்க்காலும், உள்ளேயோ வேலிக்கு வெளியேயோ வயல், பிறகு யாரும் கண்டுகொள்ளாத புதர்க்காடு.

எல்லா வளாகமும் ஒன்றுபோல இருக்காது. தஞ்சைக்கு மேற்கே வல்லம் பக்கம் போனால் செம்மண் மேடு. கிழக்கே திருவாரூர் போனால் வண்டல், எங்கு பார்த்தாலும் வாய்க்கால். மேட்டு நிலத்தில் கவுதாரியும் கருஞ்சிட்டும் தாராளமாக இருக்கும். வண்டலில் கொக்கும் நாரையும்தான் கண்ணில் படும். வளாகத்தின் வயதும் கணக்கில் வர வேண்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929இல் தொடங்கியது, தஞ்சை தமிழ்ப் பல்கலைக்கழகம் 1981இல், திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் 2009இல். மரங்கொத்தி, குக்குறுவான், கிளி, புள்ளி ஆந்தை ஆகியவற்றுக்குப் பொந்து வேண்டும். பட்டுப்போன கிளையும் முதிர்ந்த மரமும் இருக்கிற இடத்தில்தான் பொந்து கிடைக்கும். எனவே மரப்பகுதி என்று ஒரே பெயரில் எல்லாவற்றையும் அடைக்காதீர்கள். பழைய தூங்குமூஞ்சி, வேம்பு, அரசு நிற்கும் சாலையைத் தனியாகவும், சமீபத்தில் நட்ட வரிசையைத் தனியாகவும் பிரித்துக்கொள்ளுங்கள்.

புதர்க்காட்டைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். சீமைக்கருவேல் மண்டிக் கிடக்கிறது, அங்கே என்ன பறவை இருக்கப் போகிறது என்று விட்டுவிடுகிறவர்கள் அதிகம். அப்படி விடக் கூடாது. கருவேலம், காரை, சூரை, ஆவாரம், இடையிடையே பனை என்று இருக்கும் நிலத்தில் வால்காக்கை, செம்போத்து, கதிர்க்குருவி, தவிட்டுக்குருவி, மயில் எல்லாம் ஒதுங்கும். குளிர்காலத்தில் வரும் பழுப்புக் கீச்சான் முள்மரத்தின் உச்சியில் உட்கார்ந்து தன் எல்லையைக் காக்கும். ‘வேஸ்ட் லேண்ட்’ என்று கோப்பில் எழுதப்படும் இடம் இதுதான், முதலில் வெட்டப்படுவதும் இதுதான். எண்ணிக்கை இல்லாமல் இதைக் காப்பாற்ற வழியே இல்லை.

நிற்கும் இடங்களைக் குறியுங்கள்

பறவை எங்கே இருக்கிறதோ அங்கே போய் எண்ணினால் அது கணக்கெடுப்பு ஆகாது. முன்கூட்டியே குறித்த இடத்தில் நின்று, பறவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் குறித்த நேரம் முழுக்கப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பகுதியிலும் முடிந்தால் நான்கு இடங்கள், சிறிய வளாகம் என்றால் குறைந்தது இரண்டு குறிக்கலாம். ஒரு இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் 200 மீட்டராவது இடைவெளி இருந்தால் ஒரே பறவையை இரண்டு முறை எண்ணும் வாய்ப்பு குறையும். எல்லாப் பகுதிக்கும் ஒரே எண்ணிக்கையில் இடங்கள் இருக்கட்டும். குளத்தருகே ஆறு இடம், புதரில் ஒன்று என்று வைத்துக்கொண்டு ‘குளத்தில்தான் பறவை அதிகம்’ என்று எழுதினால் அந்த முடிவுக்கு மதிப்பில்லை.

ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பெயர் வையுங்கள். ‘புதர் 1’, ‘குளம் 2’ போதும். கூடவே அடையாளம் ஒன்றும் எழுதுங்கள்: ‘பம்ப்செட் பின்புறம்’, ‘மூன்றாவது மின்கம்பம்’. அடுத்த ஆண்டு வேறு மாணவர்கள் அதே இடத்தில் நிற்க வேண்டும் அல்லவா? கைப்பேசியில் இருப்பிடத்தையும் சேமித்துவிடுங்கள்.

குறித்த பிறகு, வளாக அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி வாங்கி, காவலர்களிடமும் சொல்லிவையுங்கள். விடியற்காலையில் பெண்கள் விடுதிப் பக்கம் பைனாகுலரோடு நின்றால் என்ன நடக்கும் என்று விளக்கத் தேவையில்லை. காவலர்களோடும் தோட்டக்காரர்களோடும் பழகுவதில் இன்னொரு லாபம் உண்டு. கூகை எந்தத் தண்ணீர்த் தொட்டியில் அடைகிறது, கீரி எந்தப் புதரில் ஓடுகிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

கையில் என்ன வேண்டும்

8×40 அல்லது 8×42 பைனாகுலர் (முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, அடுத்தது முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில்) புதியவர்களுக்குப் பொருத்தம். 10 மடங்குக்கு மேல் போனால் கை நடுங்கும். ஒரு குழுவுக்கு ஒன்று இருந்தாலும் தொடங்கலாம். சட்டைப்பையில் அடங்கும் நோட்டு, பென்சில் (பனியில் பேனா மை கலையும்), தொப்பி, தண்ணீர். காலுக்குக் கட்டாயம் மூடிய ஷூ. கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு வரும். வரப்பிலும் புதரிலும் கண்ணாடிவிரியன் இருக்கும். கால் வைக்கும் இடத்தைப் பார்த்த பிறகு மேலே பாருங்கள்.

எப்போது போவது

சூரியன் உதித்ததிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். எல்லா இடமும் அதற்குள் முடியாவிட்டால் குழுக்களாகவோ இரண்டு காலைகளாகவோ பிரித்துக்கொள்ளுங்கள். மழையிலும் பலத்த காற்றிலும் எண்ண வேண்டாம், மறுநாள் போகலாம். மாதத்துக்கு இரண்டு தடவை, ஒரு வருடம் முழுக்க என்பது நல்ல திட்டம். ஒவ்வொரு தடவையும் தொடங்கும் இடத்தை மாற்றுங்கள். எப்போதும் ‘குளம் 1’இல் ஆறு மணிக்குத் தொடங்கி ‘புதர் 4’இல் ஒன்பது மணிக்கு முடித்தால், புதரில் பறவை குறைவாகத் தெரிவதற்குக் காரணம் புதரா, வெயிலா என்று பிரித்தறிய முடியாது.

டெல்டாவில் பறவைகளின் நாட்காட்டியைத் தண்ணீரின் நாட்காட்டியோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12இல் திறக்கும். அணையில் நீர் இல்லாத ஆண்டுகளில் அது தள்ளிப்போகும். கல்லணை வழியாகத் தண்ணீர் வாய்க்கால்களுக்கு வந்து சேர்ந்ததும் குறுவைக்குச் சேறடிப்பார்கள். டிராக்டர் பின்னால் உண்ணிக்கொக்கும் மடையானும் மைனாவும் கூட்டமாக நடப்பது அந்த நாட்களில்தான். பயிர் வளர்ந்து மூடிவிட்டால் அதே வயலில் கொக்கு குறையும், கானாங்கோழி உள்ளே மறைந்து குரல் மட்டும் கொடுக்கும். கதிர் முற்றும்போது சில்லைகளும் தூக்கணாங்குருவிகளும் வந்து சேரும். தை மாதம் சம்பா அறுத்த தாளில் உளுந்தும் பயறும் முளைத்து நிற்கும்போது கரிச்சானும் பஞ்சுருட்டானும் பனங்காடையும் பூச்சிக்காகக் கம்பத்திலும் கம்பியிலும் காத்திருக்கும். ஆகவே ‘வயல்’ என்று மட்டும் எழுதினால் பாதித் தகவல் காணாமல் போகும். உழவு, நாற்று, கதிர், தாள், உளுந்து, தரிசு என்று அன்றைய நிலையைக் குறியுங்கள். குளத்துக்கும் அப்படியே. முழங்கால் தண்ணீரா, விளிம்பில் சேறு தெரிகிறதா, வறண்டுவிட்டதா என்று எழுதுங்கள். சித்திரை வெயிலில் குளம் சுருங்கி மீன் ஒரே குட்டையில் மாட்டிக்கொள்ளும்போது ஒரு காலையில் வெண்கொக்குகள் அள்ளிக் குவித்ததுபோல நிற்கும். அன்றைய எண்ணிக்கையை மட்டும் வைத்துக் கொக்கு பெருகிவிட்டது என்று எழுதிவிடக் கூடாது. சுற்றுவட்டாரத்தில் தண்ணீர் வற்றியதால் அவை ஒரே இடத்தில் கூடியிருக்கின்றன.

வலசைப் பறவைகள் செப்டம்பர் தொடங்கி ஏப்ரல் வரை. தகைவிலான்கள் மின்கம்பியில் வரிசை கட்டும். நீலவால் பஞ்சுருட்டானும் மாங்குயிலும் குளிர்காலத்தில்தான் நன்றாகத் தெரியும். ஐப்பசியில் தோட்டக்கள்ளன் வரும். ஆறுமணிக்குருவி என்று ஊரில் சொல்வதும் அதைத்தான். வந்த புதிதில் களைத்துப்போய் வராந்தாவிலோ கண்ணாடிக் கதவருகிலோ விழுந்து கிடக்கும். கண்டால் காற்றுத் துளையுள்ள அட்டைப்பெட்டியில், இருட்டான அமைதியான இடத்தில் சிறிது நேரம் வைத்து, தெளிந்ததும் மரநிழலில் விட்டுவிடுங்கள். அடிபட்டிருந்தால் வனத்துறையிடம் சொல்லுங்கள்.

பத்து நிமிடம்

இடத்துக்குப் போனதும் உடனே எண்ணாதீர்கள். நீங்கள் வந்த சத்தத்தில் அடங்கியவை மறுபடி வெளியே வர இரண்டு நிமிடம் கொடுங்கள். பிறகு பத்து நிமிடம். ஒருவர் பார்க்கட்டும், ஒருவர் எழுதட்டும். ஒவ்வொரு பறவைக்கும் நான்கு செய்திகள்: பெயர், எண்ணிக்கை, கண்டதா கேட்டதா, தோராயமான தூரம். தூரத்தை 25 மீட்டருக்குள், 25 முதல் 50 வரை, 50க்கு மேல் என்று மூன்றாகப் பிரித்தால் போதும். 25 மீட்டர் எவ்வளவு என்று கண்ணுக்குப் பழக, முதல் நாளே நாடாவால் அளந்து ஒரு மரத்தை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

தலைக்கு மேல் பறந்து போனவற்றைத் தனிப் பத்தியில் எழுதுங்கள். காலையில் ஏரிக்குப் போகும் நத்தைகுத்தி நாரைக் கூட்டம் உங்கள் விடுதியைக் கடந்து போனதால் அது விடுதிப் பறவை ஆகிவிடாது. ஆனால் கரும்பருந்தும் உழவாரனும் தகைவிலானும் அந்த இடத்தின் மேலேயே சுற்றி இரை தேடினால் அந்த இடத்துக்குச் சேர்க்கலாம்.

கூட்டத்தை எண்ணும்போது பத்துப் பறவையை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொண்டு, அதே அளவை வரிசையாக நகர்த்திப் போங்கள். ‘நிறைய’ என்று எழுதுவதைவிட ‘சுமார் 60’ என்பது எவ்வளவோ மேல். ஒரு பறவையும் இல்லாவிட்டால் சுழியம் என்று எழுதுங்கள். அந்தச் சுழியத்தைத் தவிர்த்தால் சராசரி பொய்யாகும்.

இனம் பிரிக்கத் தெரியாதே?

தெரிந்தவற்றிலிருந்து தொடங்குங்கள். முதல் மாதம் முப்பது வகை தெரிந்தால் போதும், மற்றவை தானாக வரும். டெல்டாவில் புதியவர்களைத் திணறடிப்பது வெள்ளைக் கொக்குகள்தான், அவற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

கறுப்பு அலகு, கறுப்புக் கால், பாதம் மட்டும் மஞ்சள் என்றால் சிறு வெண்கொக்கு. சேற்றில் காலை ஆட்டி மீனைக் கிளப்பும்போது அந்த மஞ்சள் பாதம் பளிச்சென்று தெரியும். குட்டைக் கழுத்து, தடித்த மஞ்சள் அலகு, மாட்டுக்குப் பக்கத்திலோ டிராக்டர் பின்னாலோ நடை என்றால் உண்ணிக்கொக்கு. இனப்பெருக்கக் காலத்தில் அதன் தலையும் கழுத்தும் ஆரஞ்சு கலந்த பழுப்பாக மாறும். மிக உயரமாக, கழுத்தில் முடிச்சு விழுந்ததுபோல வளைவோடு நின்றால் பெரிய வெண்கொக்கு. அதன் வாய்க்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும். நடு வெண்கொக்குக்கு அந்தக் கோடு கண்ணுக்குக் கீழேயே நின்றுவிடும். உட்கார்ந்திருக்கும்போது சேற்று நிறத்தில் கண்ணுக்கே தெரியாமல் இருந்து, எழுந்து பறந்ததும் வெள்ளைச் சிறகு விரிந்தால் அது மடையான்.

குரலையும் பழகுங்கள். அரசமரத்தில் பாத்திரக்கடைச் சுத்தியல் தட்டுவதுபோல ‘டொங், டொங்’ என்று சீராகக் கேட்டால் அது குக்குறுவான், ஆளை இலைகளுக்கிடையில் தேடிக் கண்டுபிடிப்பது சிரமம். மெர்லின் செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். அது சொல்வதைத் துப்பாக எடுத்துக்கொண்டு நீங்களும் காதால் கேட்டு உறுதி செய்த பிறகே எழுதுங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் ‘அடையாளம் தெரியாத கதிர்க்குருவி’ என்று எழுதுவதே நேர்மை. செயலியில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பது வேண்டவே வேண்டாம். அது எல்லை காக்கும் பறவையை அலைக்கழிக்கும், உங்கள் எண்ணிக்கையையும் கெடுக்கும்.

எண்களை என்ன செய்வது

கணினி விரிதாளில் ஒரு வரிக்கு ஒரு பறவை வகை: தேதி, நேரம், இடம், பகுதி, நீர் அல்லது பயிரின் நிலை, பெயர், எண்ணிக்கை, தூரம். அன்றன்றைக்கே ஏற்றிவிடுங்கள்.

பிறகு இரண்டு சாதாரணக் கணக்குகள். ஒரு பகுதியில் ஒரு வகை மொத்தம் எத்தனை எண்ணப்பட்டதோ அதை, அங்கே எத்தனை தடவை பத்து நிமிடம் நின்று எண்ணினீர்களோ அந்த எண்ணால் வகுங்கள். அது அந்தப் பகுதியில் அதன் சராசரி. அடுத்து, அந்தத் தடவைகளில் எத்தனையில் அந்த வகை ஒன்றாவது தென்பட்டது என்று சதவீதம் போடுங்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை புரியும். ஒரே ஒரு நாள் சூறைக்குருவிக் கூட்டம் வந்து இறங்கினால் சராசரி எகிறும், ஆனால் சதவீதம் சிறிதாகவே இருக்கும். கரிச்சான் அதற்கு நேர்மாறு, ஒன்றிரண்டுதான், ஆனால் எப்போது போனாலும் இருக்கும்.

பன்மையை அளக்க ஷானன் குறியீடு வழக்கமாகப் பயன்படுகிறது. ஒவ்வொரு வகையின் பங்கையும் (அதன் எண்ணிக்கையை மொத்தப் பறவைகளால் வகுத்தது) அந்தப் பங்கின் இயல் மடக்கையால் (கால்குலேட்டரில் ln) பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, குறியை மாற்றினால் அது கிடைக்கும். எடுத்துக்காட்டாக, புதரில் 20 பறவை, நான்கு வகை, வகைக்கு ஐந்து என்றால் குறியீடு 1.39. குளத்தில் அதே 20 பறவை, அதே நான்கு வகை, ஆனால் 17 உண்ணிக்கொக்கு, மற்ற மூன்றும் ஒவ்வொன்று என்றால் 0.59. மொத்தமும் ஒன்று, வகையும் ஒன்று, ஆனாலும் இரண்டு இடமும் ஒன்றல்ல என்பதை இந்த எண் காட்டிவிடுகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. திறந்த குளத்தில் 50 மீட்டர் தூரத்துக் கொக்கும் தெரியும். புதரில் பத்து மீட்டரில் இருக்கும் கதிர்க்குருவியும் தெரியாது. எனவே குளத்தில் 40, புதரில் 12 என்பதால் புதர் ஏழை என்று சொல்லிவிட முடியாது. தூரத்தைக் குறிக்கச் சொன்னது இதற்காகத்தான். 25 மீட்டருக்குள் இருந்தவற்றை மட்டும் எடுத்து ஒப்பிட்டால் இந்தக் கோளாறு பெருமளவு குறையும், முழுவதும் தீராது. அதனால் குளத்தையும் புதரையும் ஒப்பிடுவதைவிட, இந்த வருடப் புதரை அடுத்த வருடப் புதரோடு ஒப்பிடுவதுதான் இந்த முறைக்கு வலுவான பயன்பாடு.

பட்டியல்களை, பறவை பார்ப்பவர்கள் தங்கள் பதிவுகளைச் சேர்க்கும் இபேர்ட் (eBird) இணையதளத்திலும் ஏற்றுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் தனிப் பட்டியல், கண்டதும் கேட்டதும் அடங்கிய முழுப் பட்டியல், நேரத்தோடு. ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும், பிப்ரவரியில் வளாகப் பறவைகள் கணக்கெடுப்பும் நாடு அறிந்த நிகழ்வுகள். புதிய மாணவர்களைச் சேர்த்துக்கொள்ள அவை நல்ல சந்தர்ப்பம். ஆனால் நான்கு நாள் திருவிழாவை வருடம் முழுக்கச் செய்யும் வேலைக்கு மாற்றாக நினைக்காதீர்கள். ஆந்தைக் கூட்டின் இடத்தையும் கொக்குகள் கூடு கட்டும் மரத்தையும் பொதுவில் போடாதீர்கள். வயலோரத்தில் கண்ணியோ வலையோ கண்டால் படம் எடுத்து வனத்துறைக்குத் தெரிவியுங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கொக்கு பிடிப்பதும் குற்றம்தான்.

வருட முடிவில் நாற்பது பக்க அறிக்கை எழுத வேண்டாம், யாரும் படிக்க மாட்டார்கள். ஒரே பக்கம் போதும். வளாக வரைபடம், பகுதிவாரியாக முதல் பத்துப் பறவைகள், எந்தப் பறவைகள் ஒரே ஒரு பகுதியில் மட்டும் கிடைத்தன என்ற சிறு பட்டியல். நிர்வாகத்துக்குப் பயன்படுவது அந்தக் கடைசிப் பட்டியல்தான். புதர் 2லும் புதர் 3லும் மட்டுமே பதிவான வகைகள் இவை, சீமைக்கருவேலை அகற்றுவதானால் ஒரே தடவையில் வழிக்காமல் பகுதி பகுதியாக அகற்றுங்கள், சூரையையும் காரையையும் பனையையும் விட்டுவையுங்கள், கூடு கட்டும் மாதங்களில் இயந்திரம் இறக்காதீர்கள் என்று கேட்கலாம். அதைப் பொக்லைன் வருவதற்கு முதல் நாள் கொடுத்துப் பயனில்லை. கோடை விடுமுறைக்குத் துப்புரவு வேலைகளைத் திட்டமிடும் பிப்ரவரி, மார்ச்சிலேயே எஸ்டேட் அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.